மதிலின் அடிநிலம்: பதின்மூன்றாம் நூற்றாண்டு முற்றுகைப் போர்களில் சுரங்கமும் கோட்டைக் கட்டுமானமும்

ஆய்வுச் சுருக்கம்

இடைக்கால ஐரோப்பிய முற்றுகைப் போர் பற்றிய பொதுக்கருத்தில் கல்லெறி பொறிகளே முதலிடம் பெறுகின்றன. 1203 முதல் 1304 வரையிலான காலத்தில் நார்மண்டி, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, சிரியா ஆகிய நிலப்பகுதிகளில் நிகழ்ந்த முற்றுகைகள் சிலவற்றை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. வலிய கோட்டைகளின் வீழ்ச்சியில் அப்பொறிகளைக் காட்டிலும் மதிலின் அடியைத் தோண்டிய சுரங்கத் தொழிலும் பட்டினியுமே பெரும்பங்கு வகித்தன என்பதையும், கோட்டைக் கட்டுமானத்தில் ஏற்பட்ட மாற்றங்கள் பலவற்றை அந்நோக்கில் விளக்க இயலும் என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: முற்றுகை, சுரங்கம், எதிரெடைக் கவண், உழிஞை, நொச்சி, வட்டக் கொத்தளம்

முன்னுரை

இங்கிலாந்தின் தென்கிழக்கில் மெட்வே ஆற்றங்கரையில் அமைந்த ரோச்செஸ்டர் கோட்டையின் தலைமைக் கோபுரம் நான்கு மூலைகளிலும் சிறு கோபுரங்களை உடையது. அவற்றுள் மூன்று சதுர வடிவின. தென்கிழக்கு மூலையில் உள்ளது மட்டும் வட்ட வடிவினது. கட்டடக் கலைஞரின் விருப்பத்தால் நேர்ந்த வேறுபாடு அன்று இது. 1215ஆம் ஆண்டு முற்றுகையில் அம்மூலை அடியோடு சரிந்தது. பின்னர் மூன்றாம் ஹென்றியின் காலத்தில் திரும்பக் கட்டப்பட்டபோது சதுரம் கைவிடப்பட்டு வட்டம் கொள்ளப்பட்டது. அம்மூலையைச் சாய்த்தது பறந்து வந்த கல் அன்று. நிலத்தடியில் மூட்டப்பட்ட தீ.

தமிழ் மரபில் மதிற்போர் பற்றிய சிந்தனை இலக்கண நிலையிலேயே இடம்பெற்றுள்ளது. தொல்காப்பியம் மதிலை முற்றுவோன், அதனைக் காப்போன் ஆகிய இருவர் செயலையும் உழிஞை என்னும் ஒரே திணையுள் அடக்குகிறது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை இவற்றைப் பிரித்து, முற்றுவோனுக்கு உழிஞையும் காப்போனுக்கு நொச்சியும் உரியனவாக வகுக்கிறது. இவ்விரு பகுப்பும் தமிழ்ப் பாடல் மரபுக்கு உரியவை. ஐரோப்பியக் கோட்டைகளின் மேல் அவற்றை ஏற்றிப் பொருத்துவது இங்கு நோக்கமன்று. ஆயினும், தாக்குதலையும் காவலையும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களாகக் கொள்ளும் தொல்காப்பிய நோக்கு இப்பொருளை அணுகுவோர்க்கு மிகவும் பயன்படும். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டையின் ஒவ்வொரு கட்டட உறுப்பும் புறத்தோன் செய்த ஏதோவொரு செயலுக்கு அகத்தோன் தந்த மறுமொழியாகவே அமைந்துள்ளது.

சுரங்கம் என்னும் சொல்லின் வரலாறும் கருதத்தக்கது. சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் சுருங்கை என்பது நிலத்தடி வழியையும் மறைவாக நீர் செல்லும் தூம்பையும் குறித்து வருகிறது. வடமொழியில் அர்த்தசாத்திரத்தில் இடம்பெறும் சுருங்கா என்னும் சொல், முற்றுகையில் தோண்டப்படும் நிலத்தடி வழியைக் குறித்த கிரேக்கச் சொல்லாகிய சிரிங்க்ஸ் என்பதிலிருந்து வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. இன்று நிலக்கரிக்கும் பொன்னுக்கும் வழங்கும் சொல் பண்டைய மதிற்போரோடு இவ்வாறு தொடர்புடையதாகிறது.

கல்லெறி பொறிகளின் ஆற்றலும் எல்லையும்

கல்லெறி பொறிகளுள் கயிறிழு கவண், எதிரெடைக் கவண் என்னும் இரு வகைகள் முதன்மையானவை. கயிறிழு கவணில் நெடிய மரக்கை ஒன்று அச்சில் பொருத்தப்பட்டிருக்கும். அதன் குறுகிய முனையில் கட்டிய கயிறுகளைப் பலர் ஒருசேர இழுக்க, நெடிய முனையில் தொங்கும் வார்ப்பையிலிருந்து கல் பறக்கும். சீனத்தில் தோன்றிய இவ்வகை ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் நடுநிலக்கடற் பகுதியை அடைந்துவிட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பரவிய எதிரெடைக் கவணில் மனிதரின் இழுவிசைக்கு மாற்றாக மண்ணோ கல்லோ ஈயமோ நிரப்பிய பெட்டி வந்தது. சலாவுத்தீனுக்காக அல்-தர்சூசி அரபு மொழியில் எழுதிய படைக்கல நூல் இதனை விரித்துரைக்கும் தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்று.

மனிதர் இழுக்கும் விசை ஒவ்வொரு முறையும் மாறும். பெட்டியின் எடை மாறாது. ஆகவே ஒரே எடையுள்ள கற்களைச் செதுக்கிக்கொண்டால் ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் தாக்கலாம். எதிரெடைக் கவணின் சிறப்பு, கல்லின் பருமனைவிட இந்த ஒழுங்கிலேயே உள்ளது எனலாம். இங்கிலாந்தின் வார்விக் கோட்டையில் 2005இல் அமைக்கப்பட்ட மீட்டுருவாக்கப் பொறி 18 மீட்டர் உயரமும் 22 டன் எடையும் கொண்டது. 36 கிலோகிராம் கல்லை ஏறத்தாழ 300 மீட்டர் தொலைவுக்கு எறியவல்லது.

இவ்வாற்றல் வியப்பளிப்பதே. எனினும் மூன்று மீட்டருக்கு மேல் தடித்த கற்சுவரின் முன் அதன் விளைவு வேறு. ஞாயில்களையும் மரத்தாலான காவல் மாடங்களையும் கூரைகளையும் அது நொறுக்கும். மதிலின் மேல் நின்று எய்வோரை ஒதுங்கச் செய்யும். இரவிலும் விடாது எறிந்தால் உள்ளிருப்போரின் உறக்கத்தைக் கெடுக்கும். மதிலைப் பிளப்பது அரிதாகவே நிகழ்ந்தது. மேலும், கவண் இருபாலார்க்கும் பொதுவான கருவி. கோட்டையின் உயரத்தில் நிறுத்தப்பட்ட கவண், கீழே நிற்கும் கவணை உடைப்பது எளிது.

பொறியின் புகழுக்கும் அதன் பயனுக்கும் இடையிலான தொலைவை 1304இல் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டை முற்றுகை தெளிவாகக் காட்டுகிறது. முதலாம் எட்வர்டு பத்துக்கும் மேற்பட்ட பொறிகளை அங்கு நிறுத்தினார். எதிரெடைக்கு வேண்டிய ஈயம் தேவாலயக் கூரைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டது. போர் ஓநாய் எனப் பெயரிடப்பட்ட பெருங்கவண் ஒன்றை ஐந்து தலைமைத் தச்சர்களும் ஏறத்தாழ ஐம்பது பணியாளர்களும் கட்டினர். அரசியும் தோழியரும் முற்றுகையைக் கண்டுகளிக்க ஊரில் ஒரு வீட்டில் சாளர மாடமும் அமைக்கப்பட்டது. மூன்று மாதத் தாக்குதலுக்குப் பின் சூலைத் திங்களில் உள்ளிருந்த சிறு காவற்படை சரணடைய முன்வந்தபோது, போர் ஓநாயின் கற்கள் கோட்டையைத் தாக்கி முடியும்வரை ஒருவரும் வெளியேறக் கூடாது என்று எட்வர்டு ஆணையிட்டார். உலகறிந்த இடைக்காலக் கவண்களுள் ஒன்று, பணிந்துவிட்ட கோட்டையின்மேல் கல்லெறிந்தே தன் புகழை ஈட்டியது. அதனைப் போர்க்கருவி என்பதினும் அரச அதிகாரத்தின் காட்சிப்பொருள் என்பதே பொருந்தும்.

சுரங்கத் தொழில்

சுரங்கம் தோண்டுவோர் முதலில் மதிலை உயிருடன் அடைய வேண்டும். சக்கரங்களின்மேல் நகரும் சாய்கூரைப் பந்தல்கள் இதற்குப் பயன்பட்டன. ஈரமான தோல் போர்த்தப்பட்ட இவற்றைப் பூனை என்றும் பன்றி என்றும் படைவீரர்கள் அழைத்தனர். மதிலின் அடியிலிருந்து கற்களைப் பெயர்த்தோ, தொலைவிலிருந்தே குழி தொடங்கி மதிலடி வரை சென்றோ, அடித்தளத்தின் கீழ் ஓர் அறை குடையப்படும். குடையக் குடைய மேலுள்ள சுவரை மரமுட்டுகள் தாங்கும். அறை போதிய அகலம் பெற்றதும் சுள்ளியும் கொழுப்பும் நிரப்பித் தீயிடுவர். முட்டுகள் எரிந்து வீழ, மதில் தன் எடையாலேயே வீழும். தடித்த சுவர் கல்லெறிக்கு நல்ல காப்பு. அடித்தளம் குடையப்பட்டபின் அத்தடிமனே அதனைச் சாய்க்கும் சுமையாகிவிடுகிறது.

இத்தொழில் வல்லாரையே சார்ந்தது. மண்ணின் இயல்பு, முட்டு தாங்கும் எடை, காற்று வரும் வழி ஆகியவற்றை அறியாதவர் தம்மையே புதைத்துக்கொள்வர். இங்கிலாந்து அரசர்கள் டீன் காட்டு இரும்புச் சுரங்கத் தொழிலாளர்களைத் தம் படைகளுக்குப் பலமுறை அழைத்துக்கொண்டனர். கோட்டையை வென்ற அரசர்களின் பெயர்களை வரலாற்றேடுகள் முழங்குகின்றன. அடியில் குனிந்து தோண்டியவர்களின் பெயர்கள் அவற்றில் இல்லை. அவர்களது உழைப்பின் தடயம் பெரும்பாலும் அரசாணைகளிலும் கணக்கேடுகளிலுமே எஞ்சியுள்ளது.

ரோச்செஸ்டர் இதற்குத் தக்க சான்று. ஜான் அரசருக்கு எதிராகக் கிளர்ந்த பிரபுக்கள் அக்கோட்டையைக் கைப்பற்றியதும் 1215 அக்டோபரில் அரசர் அதனை முற்றினார். அக்டோபர் 14இல், இரவும் பகலும் வேலைசெய்து இயன்ற அளவு குந்தாலிகளைச் செய்து அனுப்புமாறு கேண்டர்பரி நகர அதிகாரிகளுக்கு ஆணை சென்றது. ஐந்து கல்லெறி பொறிகள் இடைவிடாது இயங்கியும் 1127க்குப் பின் எழுப்பப்பட்ட 34 மீட்டர் உயரக் கோபுரம் அசையவில்லை. நவம்பர் 25இல் மற்றோர் ஆணை ஹூபர்ட் டி பர்க்குக்குச் சென்றது: உண்பதற்கு ஏற்காத, கொழுத்த பன்றிகள் நாற்பதை விரைந்து அனுப்ப வேண்டும்; கோபுரத்தின் அடியில் தீ மூட்ட அவை தேவை. வீர வரலாறுகளில் இடம்பெறாத இந்தப் பன்றிகள், எந்த முறையால் மூலை சரிந்தது என்பதற்கு எந்த வரலாற்றேட்டினும் உறுதியான சான்றாகின்றன.

மூலை சரிந்தபின்னும் முற்றுகை முடியவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. கோபுரத்தை இரு கூறாக்கும் நடுச்சுவரின் மறுபுறம் காவலர் ஒதுங்கிக்கொண்டனர். குதிரை இறைச்சியும் தீர்ந்தபின் நவம்பர் 30இல் பசி அவர்களைப் பணிய வைத்தது. சுரங்கமும் பட்டினியும் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக வருவதைப் பிற முற்றுகைகளிலும் காணலாம்.

ஷாத்தோ கையார்: 1203 - 1204

நார்மண்டியில் சேன் ஆற்றின் மேல் ஏறத்தாழ 90 மீட்டர் உயர்ந்த சுண்ணப்பாறை முகட்டில் ஷாத்தோ கையார் நிற்கிறது. முதலாம் ரிச்சர்டு 1196 முதல் 1198 வரை பெரும்பொருள் செலவிட்டு அதனை எழுப்பினார். வெளிமுற்றம், நடுமுற்றம், உள்முற்றம் என ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகள்; வெளிமுற்றத்தைச் சூழப் பாறையில் வெட்டிய அகழி; உள்முற்ற மதிலின் முகம் முழுவதும் அடுத்தடுத்த வளைவுகள். தட்டையான பரப்பே இல்லாத அம்மதிலில் மோதும் கல் சறுக்கி விலகும். அக்காலத்து அறிவு அனைத்தும் ஒருங்கே திரண்ட கோட்டை அது என்பதில் ஐயமில்லை.

ரிச்சர்டு இறந்து நான்காண்டுகளுக்குப் பின் பிரான்சு அரசர் இரண்டாம் பிலிப் அதனை முற்றினார். 1203 கோடையின் இறுதியில் ஆற்றுத்தீவும் கீழுள்ள ஊரும் அவர் வசமாயின. நிலவழியாகவும் ஆற்றுவழியாகவும் ஒரே இரவில் தாக்கி மீட்க வில்லியம் மார்ஷல் மேற்கொண்ட முயற்சி, படகுகள் நீரோட்டத்தை எதிர்த்துக் காலத்தில் வந்து சேராமையால் தோற்றது. பின்னர் பிலிப் அவசரப்படவில்லை. கோட்டையைச் சுற்றி இரட்டை அகழ் வெட்டி, மரக் காவல்மாடங்கள் அமைத்துக் குளிர்காலத்தை எதிர்நோக்கினார்.

ஊரை இழந்த மக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்திருந்தனர். கோட்டைத் தலைவர் ரோஜர் டி லேசியிடம் இருந்த படையினரோ ஏறத்தாழ நூற்றைம்பது பேர். சேமித்த உணவு படைக்கு ஓராண்டு வரை போதும்; மக்களையும் சேர்த்து ஊட்டினால் சில திங்களில் தீரும். அவர் மக்களைப் பகுதி பகுதியாக வெளியேற்றினார். முதலிரு தொகுதியினரைப் பிரெஞ்சுப் படை செல்லவிட்டது. உள்ளே உண்ணும் வாய்கள் குறைவது தமக்கே இழப்பு என்றுணர்ந்த பிலிப் அடுத்து வந்தோரைத் தடுக்க ஆணையிட்டார். முன்னே அம்பு, பின்னே மூடிய வாயில். இரு படைக்கும் இடைப்பட்ட சரிவில் நூற்றுக்கணக்கானோர் குளிர்காலத்தில் புல்லையும் நாயிறைச்சியையும் தின்று கிடந்தனர், பலர் மாண்டனர். பிற்பாடு பிலிப் இரங்கி எஞ்சியோர்க்கு உணவளித்துப் போகவிட்டதாக, அவருடைய அரசவையைச் சார்ந்த பிரெத்தோன் வில்லியம் எழுதுகிறார். அரசரைப் புகழும் நோக்குடைய ஆசிரியர் என்பதால் அந்த இரக்கம் பற்றிய செய்தியை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். அதே காரணத்தால், தம் அரசர்க்குப் பெருமை தராத முன்பகுதியை நம்பத் தடையில்லை. கோட்டையைப் பற்றிய ஆய்வுகள் மதிலின் தடிமனை அளக்கும் அளவுக்கு இந்தச் சரிவைக் கருதுவதில்லை. முற்றுகையில் உணவும் ஒரு படைக்கலம்; அதனால் முதலில் இறந்தோர் படைவீரர் அல்லர்.

1204 பிப்ரவரியில் தாக்குதல் தொடங்கியது. வெளிமுற்றத்தின் முனைக் கொத்தளம் தோண்டித் தீயிட்டு வீழ்த்தப்பட்டது. நடுமுற்றத்தில், ஜான் அரசர் புதிதாகச் சேர்த்த சிற்றாலயக் கட்டடத்தின் காப்பற்ற திறப்பு ஒன்றின் வழியாகச் சிலர் ஏறிப் புகுந்து வாயிலைத் திறந்துவிட்டனர். அத்திறப்பு சாளரம் என்பாரும் கழிவறைப் புழை என்பாரும் உளர். எவ்வாறாயினும், ரிச்சர்டின் திட்டத்தில் இல்லாத பிற்சேர்க்கையே நடுமுற்றத்தைக் காட்டிக்கொடுத்தது. உள்முற்ற அகழியின் குறுக்கே பாறையை வெட்டாமல் பாலமாக விட்டிருந்தனர். அது தோண்டுவோர்க்குக் கூரையாயிற்று. அகத்தோர் எதிர்ச்சுரங்கம் தோண்டிப் பகைவரைத் துரத்தினர். ஆனால் இருபுறமும் குடையப்பட்ட அடித்தளம் மேலும் நலிந்தது. அந்நிலையில் பெருங்கவண் எறிந்த கற்கள் மதிலைத் திறந்தன. மார்ச் 6இல் கோட்டை பணிந்தது. தலைமைக் கோபுரத்துக்குள் ஒதுங்கிப் போரிட எவரும் எஞ்சிய நேரத்தைப் பயன்படுத்தவில்லை. அவ்வாண்டு சூனில் ரூவான் நகரம் வீழ, நார்மண்டி பிரான்சுக்கு உரியதாயிற்று.

இங்குக் கவண் பயன்படவில்லை எனக் கூறுவது பிழையாகும். சுரங்கம் நலிவித்த சுவரை அது முடித்துவைத்தது. தனித்து நின்று அவ்வளைந்த மதிலைப் பிளந்திருக்கும் என்பதற்குச் சான்றில்லை.

நீரரண்: கெனில்வொர்த், 1266

தோண்டவே இயலாத கோட்டைக்கு நேர்வது யாது என்பதற்குக் கெனில்வொர்த் விடை தருகிறது. ஓடைகளை அணையால் தேக்கி ஏறத்தாழ 100 ஏக்கர் ஏரியைக் கோட்டையைச் சூழ உருவாக்கியிருந்தனர். சைமன் டி மான்ட்ஃபோர்ட் 1265இல் ஈவ்ஷாம் போரில் மாண்டபின் அவருடைய ஆதரவாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்குத் தங்கினர். 1266 சூன் முதல் மூன்றாம் ஹென்றியின் படை கவண்களாலும் மர நகர்கோபுரங்களாலும் தாக்கியது. ஏரியைக் கடக்கச் செஸ்டரிலிருந்து படகுகள் வந்தன. எதுவும் பயன் தரவில்லை. கோட்டைக்குள்ளிருந்த கவண்கள் புறத்தோர் பொறிகளை நொறுக்கின. திருத்தந்தையின் தூதர் ஒட்டபோனோ வெளியே நின்று அகத்தோரைத் திருச்சபையிலிருந்து விலக்கி அறிவிக்க, மதிலின்மேல் ஒருவர் தூதரைப் போலவே உடுத்தி நின்று அரசரையும் தூதரையும் விலக்கி அறிவித்த வேடிக்கையும் நிகழ்ந்தது.

நிலத்தடியில் நீர் நிற்கும் இடத்தில் சுரங்கம் இல்லை. ஆகவே எஞ்சியது காலமும் பசியும் நோயும். அக்டோபர் 31இல் அறிவிக்கப்பட்ட கெனில்வொர்த் தீர்ப்பு, பறிக்கப்பட்ட நிலங்களைத் தண்டம் செலுத்தி மீட்க வழிசெய்தது. முதலில் மறுத்த காவலர் டிசம்பர் நடுவில் ஏற்று வெளியேறினர். மதில் இறுதிவரை நின்றது. இரண்டாண்டுகளுக்குப் பின் கில்பர்ட் டி கிளேர் வேல்சில் கேர்ஃபிலிக் கோட்டையை விரிந்த நீர்நிலைகளின் நடுவே கட்டத் தொடங்கியதில் கெனில்வொர்த்தின் தாக்கத்தை அறிஞர் காண்பர்.

கட்டுமானத்தில் மறுமொழி

சதுரக் கோபுரத்தின் மூலைக்கல் இரு பக்கங்களிலிருந்தும் பெயர்க்கத்தக்கது. மூலைக்கு நேர்முன்னுள்ள நிலம் ஏப்புழைகளின் பார்வைக்கும் எட்டாது. வட்டக் கொத்தளத்தில் இவ்விரு குறையும் இல்லை. ஆயினும் வட்டத்துக்கு மாறியது முழுவதும் சுரங்கத்தின் விளைவு எனக் கூறுவது மிகை. ரோச்செஸ்டர் சரிவதற்கு முன்னரே வட்டமும் பலகோணமும் வழக்கில் வந்துவிட்டன. மறுபுறம், 1180களில் டோவரில் மாபெரும் சதுரக் கோபுரம் எழுந்தது. பெருமிதமும் வழக்கும் கட்டுவோரை ஆண்டன. ரோச்செஸ்டரின் தனி வட்டமூலை இவ்வாதத்தில் மதிப்புடையது. மூன்று சதுரங்களோடு ஒத்திசைவு கெடும் என்று தெரிந்தும் வட்டம் கொள்ளப்பட்டதற்கு அழகு காரணமாக முடியாது.

டோவரில் நிகழ்ந்தது இன்னும் நேரடியானது. 1216இல் பிரெஞ்சு இளவரசர் லூயி வடவாயிலைத் தோண்டினார். வாயிலின் இரட்டைக் கோபுரங்களுள் ஒன்று சரிந்தது. உடைப்பை மரங்களால் அடைத்து ஹூபர்ட் டி பர்க் காத்தார். போர் ஓய்ந்தபின் அவ்வாயில் நிலையாக அடைக்கப்பட்டு, மேற்குப்புறச் செங்குத்துச் சரிவின்மேல் புதிய வாயில் கட்டப்பட்டது. மதிலை இன்னும் தடிப்பாக்குவதினும், தோண்டுவோர் எளிதில் அணுகும் நிலத்திலிருந்து வாயிலை அகற்றுவதே அங்குப் பாடமாகக் கொள்ளப்பட்டது. ஒன்றனுள் ஒன்றாக இருமதில் அமைக்கும் முறை அந்நூற்றாண்டின் இறுதியில் வேல்சில் முழுமை பெற்றதற்கும் இதே தருக்கம் உண்டு: வெளிமதிலைத் தோண்டி வீழ்த்தியவன் மீண்டும் முதலிலிருந்து தோண்ட வேண்டும்.

சிரியாவில் ஹாஸ்பிட்டலர் அமைப்பினர் கிராக் தெ ஷெவாலியே கோட்டையின் உள்மதிலுக்கு அடியில் பெரும் சாய்மானக் கற்கட்டை எழுப்பினர். 1271இல் சுல்தான் பைபர்சின் படை வெளிமதிலைத் தோண்டித் திறந்தது. உள்மதிலின் சாய்மானத்தை அது தோண்டவில்லை. சரணடையுமாறு அறிவுறுத்தும் கடிதம் ஒன்று உள்ளே சென்றது. அது பொய்யாகப் புனையப்பட்டது என்பது பொதுவான கருத்து. ஏப்ரல் 8இல் கோட்டை பணிந்தது.

அதே அமைப்பினரின் மர்கப் கோட்டையை 1285 ஏப்ரலில் சுல்தான் கலாவுன் முற்றினார். தொடக்கத்தில் கோட்டையின் கவண்கள் முற்றுவோரின் பொறிகளை உடைத்தன. கலாவுனின் தொழிலாளர்கள் தெற்கு முனையின் அடியில் குடைந்தனர். மே 23இல் அங்கிருந்த கொத்தளம் சரிந்தது. சரிந்த கற்களே உடைப்பை அடைத்துக்கொண்டதால் உட்புக முடியவில்லை. எனினும் சுரங்கங்கள் அதற்கும் அப்பால் கோட்டைக்குள் வரை சென்றுள்ளதை அகத்தோருக்குக் காட்டச் செய்தனர். பார்த்தவர்கள் பணிந்தனர். மே 25இல் ஹாஸ்பிட்டலர் தலைவர்கள் 25 பேர் படைக்கலங்களோடும் குதிரைகளோடும், ஏனையோர் வெறுங்கையோடும் வெளியேறினர். கோட்டை இப்போது கலாவுனுடையது. அதன் நலிந்த முனை எதுவென்று அவரினும் நன்கறிந்தவர் இல்லை. சரிந்த கொத்தளத்தின் இடத்தில் மிகத் தடித்த வட்டக் கொத்தளத்தை அவர் கட்டுவித்தார். கரிய எரிமலைக்கல் சுவரின் மேற்பகுதியில் வெள்ளைக் கல் பட்டையாக ஓடும் அவருடைய கல்வெட்டு அதன்மேல் இன்றும் காணப்படுகிறது.